மனமொத்த மாறுதல்

போன வாரம் மீஞ்சூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துச் சரக்கு ரயில்களுக்கு வால் என்ற ஒன்று உண்டா என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். ஸ்கூட்டியை அணைத்துவிட்டு நின்றேன். முன்னால் ஒரு குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி. அதில் ஒரு வீடு மொத்தமும் ஏறியிருந்தது. கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களுக்கு நடுவே குடங்களையும் பாய்ச்சுருளையும் செருகி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுவர்க்கடிகாரம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று என் பக்கம் திரும்பியதும் வாசனை வந்தது. பழைய தலையணைப் பஞ்சு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய், எங்கோ ஒரு மூலையில் நசுங்கிய எலுமிச்சை ஊறுகாய்.

வீடு மாறுகிறவர்களின் வாசனை அது. எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்றாலும் மூட்டை கட்டிவிட்டால் எல்லா வீடும் ஒரே மாதிரிதான் மணக்கும். மூன்று வருஷம் அந்த வாசனையில்தான் எனக்கு வேலை.

என் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கு உள்பக்கம். நெல் விளைகிற ஊர். ஏரி எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் நாங்கள் ஏரிக்காரர்கள் இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு எப்போது புரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கல்லூரி முடித்ததும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடையாள அட்டையில் ‘மறுகுடியமர்வு ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருந்தார்கள். அதை முழுதாக வாசித்தது உலகத்தில் நான் ஒருத்திதான். குடியிருப்பில் எனக்குப் பெயர் ‘வூடு மாத்துற அக்கா’.

சென்னையில் கால்வாய்க் கரை, ஆற்றங்கரை என்று குடிசை போட்டிருந்தவர்களைக் கிளப்பி, நகரத்தின் ஓரங்களில் அடுக்குமாடி கட்டிக் குடியேற்றியிருந்தார்கள். வடக்கே பிழைத்தவர்களுக்குத் தெற்கே வீடு. தெற்கே பிழைத்தவர்களில் சிலருக்கு வடக்கே. ஏன் அப்படி என்று கேட்டால், அந்தந்த நேரத்தில் எங்கே கட்டி முடித்திருந்தார்களோ அங்கே. இரண்டு குடும்பங்கள் சம்மதித்தால் ஒருவர் வீட்டை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம், மனுவில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் ‘மனமொத்த மாறுதல்’. முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது கல்யாணப் பத்திரிகையில் வருவது மாதிரி இருந்தது. வேலையும் கிட்டத்தட்ட தரகர் வேலைதான். ஜாதகத்துக்குப் பதில் ஒதுக்கீட்டு ஆணையின் நகல்.

தெற்குக் குடியிருப்பில் படிக்கட்டுக்குக் கீழே எனக்கு ஒரு மேஜை. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: இங்கிருந்து போக வேண்டும். இங்கே வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தரகர் தொழிலில் பெண் வீட்டார் மட்டும் வரிசையில் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

தேசம்மா ஒரு மழை நாளில் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, தலையில் துணி. மேஜைக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

“எண்ணூரு பக்கம் ஒரு வூடு மாத்திக் குடு மா. எது கெடச்சாலும் சரி. கலீஜா இருந்தாலும் பரவால்ல, நான் கழுவிக்கிறேன்.”

அவள் பிறந்தது சுண்ணாம்புக்குளத்துப் பக்கம். கல்யாணமாகி வந்து கொருக்குப்பேட்டை கால்வாய்க் கரையில் இருந்தாள். புருஷன் இறந்த பிறகு முதல் ரயிலைப் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போய், இறாலும் நண்டும் வாங்கி வந்து தெருத்தெருவாக விற்றாள். கரையைக் காலி செய்து இங்கே தெற்கே அனுப்பியதும் அது நின்றுபோனது. இங்கிருந்து முதல் பஸ் பிடித்தாலும் அவள் ஏரிக்குப் போய்ச் சேரும்போது சரக்கு தீர்ந்துவிடும்.

“நீ எந்த ஊரு மா?” என்றாள், மனுவை எழுதிக்கொண்டிருக்கும்போது. சொன்னேன்.

“அட, நெல்லுக்கார ஊரா! எங்க அம்மா அங்கதான் இறாலு எடுத்துக்கினு வரும். நெல்லு போட்டு வாங்குவாங்கோ. கொல்லப் பக்கமாதான் வரணும்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வது மாதிரி சொன்னாள். எனக்குக் காது சுட்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைப் படலுக்கு வெளியே ஒரு பெண் நிற்பாள். நனைந்த புடவை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருக்கும். அம்மா முறத்திலிருந்து நெல்லை உயரத்தில் இருந்தே அவள் முந்தானையில் சரிப்பாள். சிந்திய நெல்லை அந்தப் பெண் குனிந்து பொறுக்குவாள். நான் இறாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அது தேசம்மாவின் அம்மாவா, வேறு யாராவதா, தெரியாது. நாங்கள் ஏரிக்காரர்கள் இல்லை என்பது எனக்குப் புரிந்தது இருபத்துமூன்று வயதில், அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான்.

“மேல வந்து நைனாவப் பாரு மா” என்றாள் தேசம்மா. “எனக்குக் கூட ஒண்ணும் இல்ல. அவருக்குத்தான்.”

எட்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது, அதன் வாயில் யாரோ சைக்கிளைக் கட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்தே அது எப்போதிலிருந்து ஓடவில்லை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாவது மாடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தேசம்மாவின் அப்பா, அவள் நைனா என்று கூப்பிடுகிறவர், ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. தொழில் முடியாமல் போனதும் மகளோடு வந்து சேர்ந்தவர். இந்த வீட்டுக்கு வந்த நாளில் ஏறியவர், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்தவர். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போக வேண்டும். பிடித்ததைப் போட, பறி என்ற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொள்வார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும் அல்லவா? கவ்விக் கவ்வி அவருடைய முன்பற்கள் குழிவாகத் தேய்ந்திருந்தன. பேசும்போது அந்த இடைவெளியில் காற்று வந்தது.

நான் யார், எதற்கு வந்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. “நீ அந்தப் பக்கத்துப் பொண்ணாமே. மொகத்துவாரம் தொறந்துகீதா, மூடிகீதா?” என்றார்.

கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் ஏரிக்குள் இறால் ஏறாது. அது எனக்குப் பாடப்புத்தக அளவில் தெரியும். அந்த வருஷம் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று தெரியாது. “திறந்திருக்கு தாத்தா” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கீழே இறங்கும்போது, ஊருக்குப் போனால் இதை யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை.

எண்ணூர்ப் பக்கத்துக் குடியிருப்பில் ஆள் தேடிப் பல மாதம் அலைந்தேன். ஒரு நாள் கதவைத் திறந்தவர் காசிம் பாய். தெற்கே கம்பெனிகள் இருக்கும் சாலையில் ஓர் அலுவலக கேன்டீனில் சமையல் மாஸ்டர். விடியும் முன் கிளம்பி மூன்று பஸ் மாறிப் போகிறவர். அவர் மனைவிக்கு மூச்சுக் கோளாறு, அந்தப் பக்கத்துப் புகை ஆகவில்லை. வீடு தரைத்தளம். பின்பக்கம் பத்தடி நடந்தால் கழிமுகத் தண்ணீர்.

நான் விஷயத்தைச் சொன்னதும், “நிஜமாவா சொல்றே?” என்று மூன்று முறை கேட்டார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் ஏதோ உருதுவில் சொன்னார். அந்த அம்மா இருமிக்கொண்டே சிரித்தார்கள். என் மூன்று வருஷ வேலையில் அப்படி ஒரு பொருத்தம் அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை.

பெண் பார்க்கும் படலம் நடந்தது. தேசம்மா எண்ணூருக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், பின்னால் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த ஞாயிறு காசிம் பாய் தெற்கே வந்து எட்டு மாடி ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் நைனா பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“உங்க வூட்டாண்ட தண்ணி தெரியுமா?” என்று கேட்டார் நைனா.

“தெரியும் நைனா. ஆனா கறுப்பா கெடக்கும்.”

“கெடக்கட்டும். ஏரியும் அதுவும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான், கால்வாயில சேந்துக்கும்.” பிறகு, பாய்க்கு எங்கே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தவர் மாதிரி, “இங்க காத்து ஷோக்கா வரும். ஃபேனே வாணாம்” என்றார்.

“பொஞ்சாதிக்கு அதான் வேணும்” என்றார் பாய்.

மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தேசம்மா கைநாட்டு. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒரு முறை நகல் தெளிவாக இல்லை. ஒரு முறை அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு முறை கோப்பு தெற்கில் இருந்தது, வடக்கிலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும் என்றார்கள். வடக்கில் கேட்டால் தெற்கு முதலில் அனுப்பட்டும் என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். தை போய் ஆனி வந்தது.

நைனா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். தேசம்மா பக்கத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வரும்வரை அவர் ஜன்னலோரத்தில் அசையாமல் இருப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஒரு நாள் நான் போனபோது தரையில் இரண்டு கையையும் பரப்பி, சிமெண்டை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். தூக்கத்திலா, விழிப்பிலா தெரியவில்லை. தேசம்மா என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்று கீழே இறங்கும்போதுதான் அதைச் சொன்னேன். ஆறாவது மாடியா, ஐந்தாவதா, படிக்கட்டின் திருப்பத்தில் நின்று சொன்னேன்.

“மாறிக்குங்க. காகிதம் பின்னாடி வரட்டும். நான் பாத்துக்கிறேன்.”

“நெசமா ஒண்ணும் ஆவாதே மா?”

“ஒண்ணும் ஆகாது.”

பாயிடமும் போனில் அதையே சொன்னேன். நல்ல மனசோடுதான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஒரு பொருத்தத்தையாவது முடித்துக் காட்டினேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

மாறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, நான்கு பேர் எட்டு மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அவர் மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே இறங்கினார். எண்ணூரில் இறக்கியதும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்றார். நாற்காலியோடு பின்னால் தூக்கிப்போய்த் தண்ணீர் ஓரம் வைத்தோம். காலைத் தொங்கவிட்டு நனைத்தார். சாம்பலும் எண்ணெயும் மிதக்கிற தண்ணீர். குனிந்து விரலை விட்டு, கொஞ்சம் சேற்றை எடுத்து மோந்து பார்த்தார்.

“இதுல ஒண்ணும் இருக்காது” என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஐந்து வாரம் அங்கே இருந்தார்கள். தேசம்மா மறுபடியும் பழவேற்காடு போய் வந்தாள். ஒரு நாள் காலை எதிரே வந்த ரயிலில் அவளைப் பார்த்தேன், கூடையோடு. கையை ஆட்டினாள். தெற்கே பாயின் மனைவிக்கு இருமல் குறைந்திருந்தது. படி ஏறத்தான் முடியவில்லை, அதனால் அந்த அம்மாவும் இறங்குவதில்லை என்று பாய் சொன்னார். அதை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு சரிபார்ப்பு வந்தது. ஒதுக்கீடு பெற்றவர்கள்தான் வீட்டில் இருக்கிறார்களா, வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று கதவுகதவாகப் பார்த்தார்கள். எண்ணூரில் பட்டியலில் காசிம் பெயர். கதவைத் திறந்தது தேசம்மா. அவள் ஒளிக்கவில்லை. மாற்றிக்கொண்டோம் என்றாள். தெற்கிலும் அந்த வாரமே போனார்கள். அனுமதியில்லாத ஆட்கள் என்று இரண்டு வீட்டுக்கும் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். இரண்டு ஒதுக்கீடும் ரத்து.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தேசம்மா, காசிம் பாய், நான். உள்ளே போகுமுன் என் நிறுவனத்தின் இயக்குநர் போனில் சொன்னார்: “நீ சொல்லித்தான் மாறினாங்கன்னு ஒத்துக்காதம்மா. நம்மள குடியிருப்புக்குள்ளேயே விடமாட்டாங்க. மத்த குடும்பங்கள யோசி.”

மற்ற குடும்பங்களை யோசித்தேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி வயதானவர், நிதானமானவர். கோப்பைப் புரட்டிவிட்டு, “யாரோ மாறச் சொன்னதா இந்த அம்மா வாக்குமூலம் குடுத்திருக்காங்க. நீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

தேசம்மா எனக்கு வலது பக்கம் நின்றாள். அவள் தலைத் துணியில் இறால் வாசம் அடித்தது.

“மனு போடத்தான் சொன்னேன் சார். மாறச் சொல்லல.”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேசம்மா பார்க்கவில்லை. அதிகாரி அவளிடம், “என்னம்மா?” என்றார்.

“ஆமா சார்” என்றாள் தேசம்மா. “நாங்களாதான் மாறிக்கினோம். அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்ததும் பாய் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார். மனைவியை ஆம்பூரில் தாய்வீட்டில் விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தேசம்மா பூட்டிய வீட்டிலிருந்து சாமான்களை எடுக்கக் கேட்டாள், நான் ஓடி ஓடி அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒரு அனுமதி மட்டும் அன்றைக்கே கிடைத்தது. நைனாவோடு சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் தன் தம்பி குடிசைக்குப் போனாள். அந்த மாரியிலேயே நைனா போய்விட்டார். செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

வேலையை விட்டுவிட்டேன். கல்யாணம், குழந்தை, பொன்னேரியில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை. மற்ற குடும்பங்கள் என்று நான் யோசித்தவர்களில் ஒருவருக்கும் மாறுதல் கிடைக்கவில்லை. நிறுவனமும் அடுத்த வருஷமே மூடிவிட்டது.

போன கோடையில்தான் துணிச்சல் வந்தது. சுண்ணாம்புக்குளம் போய் விசாரித்துத் தேடினேன். தேசம்மா ஏரியில் இருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தாள். வியாபாரத்துக்குப் போன பிறகு அவள் தொடாத வேலை அது. முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கரையேறி வந்தாள். பறியில் இறால் அடி மறையும் அளவுக்குக்கூட இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். “அன்னிக்கு ஆபீஸ்ல நான் பொய் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்.”

புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். “நீ ஒத்துக்கினு இருந்தா வூடு குடுத்திருப்பாங்களா?”

“இல்ல.”

“அப்ப வுடு.”

அவள் பறியிலிருந்த இறாலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நைனா கேட்டாரு” என்றாள். “‘அந்தப் பக்கத்துப் பொண்ணு ஆபீசுல இன்னா சொல்லிச்சு’ன்னு. கெடையில இருக்கும்போது கேட்டுக்கினே இருந்தாரு. நீ எங்களுக்காவப் பேசினன்னு சொல்லி வெச்சேன்.”

வெயில் ஏறுமுன் இன்னொரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். பறியை வாயில் கவ்விய பிறகு அவர்களால் பேச முடியாது.

எண்ணூர்க் குடியிருப்பை இடிந்து விழும் நிலை என்று சொல்லி இடித்துவிட்டார்கள். தரைத்தளம் இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலி, உள்ளே கருவேலம். பின்பக்கத் தண்ணீருக்கும் மதில் எழுப்பிவிட்டார்கள். தெற்கில் என் மேஜை இருந்த இடத்தில் மோட்டார் அறை. காசிம் பாயின் எண் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. மனமொத்த மாறுதல் என்று ஒன்று இருந்தது அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் யாருக்கும் தெரியாது. தேசம்மாவின் தம்பி குடிசை இருந்த வரிசை போன புயலில் போயிற்று. கார்த்திகையில் போய்க் கேட்டேன், ஆந்திராப் பக்கம் போயிருப்பார்கள் என்றார் ஒருவர், இல்லை செங்கல் சூளைக்கு என்றார் இன்னொருவர்.

எங்கள் தெருவில் எப்போதாவது யாராவது, நீங்க மனு நல்லா எழுதுவீங்களாமே என்று வந்து நிற்கிறார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.